முதல் ஆட்டம் எது?
முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டுகளுக்குள் நுழைவோருக்கு

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். திண்ணையிலோ மண்டபத்துக் கல்தரையிலோ கீறப்பட்ட அந்தக் கட்டத்தின் முன் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். புலி எங்கே நிற்கிறது, எந்த ஆட்டைத் தாண்டக்கூடும், எந்தப் புள்ளியை அடைத்தால் அது முடங்கும் என்பதெல்லாம் இருவர் கண்ணுக்கும் வெளிப்படை. கை வேகத்துக்கு அங்கே வேலையில்லை. கணினியிலும் கைப்பேசியிலும் இன்று ஆடப்படும் முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டுகள் இதே ஒழுங்கைப் பின்பற்றுபவை. உங்கள் முறை வரும்போது படையையோ நகரத்தையோ நகர்த்தி, கட்டி, முடித்தேன் என்று அறிவிக்கிறீர்கள். அதன் பிறகே எதிராளி அசைகிறார்.

வீடியோ கேம் என்றவுடன் துப்பாக்கிச் சத்தமும் கார்ப் பந்தயமும் நினைவுக்கு வரும் நடுவயதினருக்கு இந்த வகை பெரும்பாலும் அறிமுகமாகவே இல்லை. ஆயினும் அவர்களுக்கே இது மிகவும் பொருந்தும். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் யாரேனும் அழைத்தாலும், எழுந்து போய்விட்டு அரை மணி கழித்துத் திரும்பலாம். பலகை வைத்தது வைத்தபடியே காத்திருக்கும். விரல் தடுமாற்றத்தால் தோற்பதில்லை. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து ஆட விரும்பும் பெற்றோர், தொலைக்காட்சித் தொடர்கள் சலித்துப்போனவர்கள் ஆகியோருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. தடையாக இருப்பது தொடக்கம்தான். முதலில் கையில் எடுக்கும் ஆட்டம் பொருந்தாமல் போனால், 'இது நமக்கானதன்று' என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஆட்டத்துக்குக் கொடுத்த பணமும் முடங்கிப்போகிறது.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் 'சிவிலைசேஷன்'. சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகியோர் உருவாக்கி 1991இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் அது. கி.மு. 4000இல் ஒரு சிறு குடியிருப்போடு தொடங்கி, விண்வெளிக் கப்பல் ஏவும் காலம்வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்வது அதன் பொருள். 2025 பிப்ரவரியில் அதன் 7ஆம் பதிப்பு வந்திருக்கிறது. இந்த வகையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதியவர் முதலில் தொடவேண்டிய ஆட்டம் அது என்பதை ஏற்க இயலவில்லை. காரணம் எளிது. 6ஆம் பதிப்பில் இயல்பான வேகத்தில் ஓர் ஆட்டம் 500 முறைகள்வரை செல்லும். 30ஆம் முறையில் ஒரு நகரத்தைத் தவறான இடத்தில் நிறுவினால், அதன் விளைவு 200ஆம் முறையில் தெரியும். அப்போது ஏன் பின்தங்கினோம் என்று புதியவருக்கு விளங்காது. கணினி அவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே பல மாலைப்பொழுதுகள் கடந்துவிட்டன.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதை வேறுவிதமாகச் சொல்லலாம். அன்றன்று மாலையே கணக்கை முடிக்கும் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால், காலையிலிருந்து நடந்த வரவுசெலவைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆண்டு இறுதித் தணிக்கையில் அதே பத்து ரூபாய் வெளிப்பட்டால், எந்த மாதத்துப் பேரேட்டைத் திறப்பது? புதியவருக்கு வேண்டியது அன்றன்று கணக்கு முடிக்கும் ஆட்டம். தோற்றால் எந்த நகர்வால் தோற்றோம் என்று அந்த மாலையே சுட்டிக்காட்டக்கூடியதாக அது இருக்கவேண்டும். படங்களின் அழகு, கதையின் சுவை, விற்பனைப் பட்டியலில் உள்ள இடம் ஆகியவற்றையெல்லாம் இந்த ஒன்றுக்குப் பிறகே நான் பார்ப்பேன்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது 2018இல் சப்செட் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் வெளியிட்ட 'இன்டூ தி பிரீச்'. பலகை சதுரங்கத்தைப் போலவே எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள். உங்களிடம் 3 இயந்திரங்கள். நிலத்தடியிலிருந்து கிளம்பி வரும் ராட்சதப் பூச்சிகளிடமிருந்து நகரத்துக் கட்டடங்களைச் சில முறைகள் காப்பாற்றிவிட்டால் அந்தப் போர் முடிந்தது. சிறப்பு என்னவென்றால், ஒவ்வொரு பூச்சியும் தன் அடுத்த தாக்குதல் எந்தக் கட்டத்தின்மீது விழும் என்பதை முன்கூட்டியே அம்புக்குறியிட்டுக் காட்டிவிடுகிறது. நீங்கள் அடிக்கும் அடி தவறுவதும் இல்லை. இரு தரப்பு விளைவும் கண்முன் தெரிந்த பிறகே முடிவெடுக்கிறீர்கள்.

ஒரு பூச்சி தனக்குக் கிழக்கே உள்ள மருத்துவமனையை அடிக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொல்லும் வலிமை உங்கள் இயந்திரத்துக்கு இல்லை. ஆனால் ஒரு கட்டம் வடக்கே தள்ளிவிட முடியும். தள்ளினால் அதன் அடியும் ஒரு கட்டம் வடக்கே நகர்ந்து, அங்கே நிற்கும் இன்னொரு பூச்சியின் தலையில் விழுகிறது. கொல்வதைவிட இடம் மாற்றுவதே பலனளிக்கும் என்பதைப் புதியவர் முதல் மணி நேரத்திலேயே தானாகக் கண்டுகொள்கிறார். நகர்த்திய இயந்திரத்தை, அது தாக்கும் முன்னர், பழைய இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு போருக்கு ஒருமுறை அந்த முறையையே முதலிலிருந்து தொடங்கவும் வாய்ப்புண்டு. இந்தச் சலுகை புதியவருக்குப் பெரிய வரம், 'இப்படிச் செய்திருந்தால்?' என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கிறது.

குறையும் உண்டு. ஊரைக் கட்டி, வயலை விரித்து, மெல்ல வளர்வதில் இன்பம் காண்பவருக்கு இது வறண்ட கணக்குப் புதிர்போலத் தோன்றலாம். தோல்வி அடிக்கடி வரும். அதை ஆட்டமே எதிர்பார்க்கிறது. உலகம் அழிந்தால் ஒரு விமானி மட்டும் காலத்தைத் தாண்டி அடுத்த முயற்சிக்கு வந்துசேர்வார் என்று கதையைப் பின்னியிருக்கிறார்கள். முதலில் எளிய நிலையைத் தேர்ந்து ஆடினால் இந்தச் சோர்வு வெகுவாகக் குறையும்.

அடுத்து வருவது அதிர்ஷ்டம் பற்றிய கேள்வி. ஆடுபுலியில் அதற்கு இடமில்லை. தாயத்தில் அதுவே பாதி. தாயம் விழாமல் காயை உள்ளே இறக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. வியூக விளையாட்டுகளிலும் இந்த இரண்டு குலங்கள் உண்டு. இரண்டாம் குலத்தில், தாக்குவதற்கு முன் திரை ஒரு சதவீதத்தைக் காட்டும். 70 சதவீதம் என்றால் புதியவர் அதை 'நிச்சயம்' என்று படிக்கிறார். கணக்கு வேறு. 70 சதவீத வாய்ப்புள்ள அடி தொடர்ந்து மூன்று முறையும் தவறுவதற்கான வாய்ப்பு 2.7 சதவீதம், ஏறத்தாழ 37இல் ஒன்று. ஒரு மாலையில் நூறு அடி அடிப்பவருக்கு இது நேர வாய்ப்பு மிகுதி. அப்போது கணினி ஏமாற்றுகிறது என்ற கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைத் தாண்டியவர், 'தவறினாலும் என் படை தாங்குமா?' என்று கேட்டுவிட்டு அடிக்கப் பழகுகிறார். இதே கேள்வியைக் கடன் வாங்குவோரும் முதலீடு செய்வோரும் கேட்டால் எங்கள் வேலை பாதியாகக் குறையும் என்பது இடையில் சொல்லிவிட்டுப்போக வேண்டிய செய்தி.

இந்தக் குலத்தில் தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது 'தி பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. 2003இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கி, தன்னார்வலர்கள் இன்றளவும் வளர்த்துவரும் திறந்த மூல ஆட்டம் இது. கணினிக்கு முற்றிலும் இலவசம். பலகை அறுகோணக் கட்டங்களால் ஆனது. யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அடிபடும் வாய்ப்பு மாறுகிறது. வேல்வீரன் திறந்த புல்வெளியில் நின்றால் அவன்மீது அடி விழ 60 சதவீத வாய்ப்பு. அவனே ஊருக்குள் நின்றால் 40 சதவீதம். காட்டுக்குள் நிற்கும் தேவதை இனத்தவரை அடிப்பது கடினம். குதிரைவீரன் காட்டுக்குள் நுழைந்தால் எளிதில் அடிபடுவான். பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. மனிதப் படைக்குப் பகலில் வலிமை 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும், பிணப்படைக்கு நேர்மாறு. எனவே எப்போது முன்னேறுவது, எப்போது ஊருக்குப் பின்வாங்கிக் காயம் ஆற்றுவது என்பதைக் கதிரவனைப் பார்த்து முடிவுசெய்யவேண்டும்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அதன் கருவூலம். ஊர்களைக் கைப்பற்றினால் ஒவ்வொரு முறையும் பொற்காசு வரவு. வீரர்களைச் சேர்ப்பது மூலதனச் செலவு. அவர்களைப் பராமரிப்பது தொடர்செலவு. உங்களிடம் எத்தனை ஊர்கள் உள்ளனவோ அத்தனை அளவுப் படைக்குப் பராமரிப்பு இலவசம். அதற்கு மேற்பட்டது வருமானத்திலிருந்து கழியும். ஒரு புதிய வேல்வீரனைச் சேர்க்க 14 காசு. முந்தைய போரில் ஆடித் தேறி வந்த பழைய வீரரைத் திரும்ப அழைக்க 20 காசு. அனுபவசாலி ஒருவரா, புதியவர்கள் ஒன்றரைப் பேரா? இதற்கு ஒரே விடை இல்லை. முன்வரிசையில் நின்று சாகப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது அது. விரைவாகப் போரை முடித்தால் மிச்சமான முறைகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. மீந்த காசில் ஒரு பங்கு அடுத்த போருக்கும் தொடரும். கையிருப்பை முழுவதும் செலவழித்து வென்றவர் அடுத்த களத்தைக் குறைந்த காசோடு தொடங்குவார்.

தொடங்கும்போது அதிலுள்ள பயிற்சி ஆட்டத்தைத் தவறாமல் ஆடவேண்டும். அதன்பின் 'இரு சகோதரர்களின் கதை' என்று பொருள்படும் சிறு தொடர். நான்கே களங்கள், புதியவர்களுக்கென்றே அமைந்தது. பெரிய தொடர்களின் பெயர்கள் கவர்ச்சியாக இருக்கும்; அவற்றை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம்.

இதே குலத்தில் பெரும்புகழ் பெற்றது ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் 'எக்ஸ்காம்' வரிசை. 2012இலும் 2016இலும் வந்த இரு பதிப்புகளும் இன்றும் ஆடப்படுகின்றன. வேற்றுக்கிரகத்தவருக்கு எதிராக ஒரு சிறு குழுவை நடத்துவது பொருள். செத்த வீரர் திரும்ப வரமாட்டார். நினைவுச் சுவரில் பெயர் மட்டும் மிஞ்சும். வீரர்களுக்கு நாமே பெயர் சூட்டலாம் என்பதால் பலர் தம் உறவினர், நண்பர் பெயர்களை வைத்துவிட்டு, 95 சதவீத வாய்ப்புள்ள சூடு தவறி மைத்துனர் மாண்டதற்காக உண்மையிலேயே வருந்துவார்கள். இருபதில் ஒன்று தவறும் என்பதுதான் 95இன் பொருள். மிகச் சிறந்த ஆட்டம், ஆனால் மூன்றாவதாக எடுக்கவேண்டியது. ஜப்பானில் 1990இல் தொடங்கிய 'ஃபயர் எம்பிளம்' வரிசையிலும் இழந்தவர் திரும்பாத மரபே நெடுங்காலம் இருந்தது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், வீழ்ந்தவர் அடுத்த போரில் எழுந்து வரும் இலகு முறையைச் சேர்த்தார்கள். புதியவர்கள் அதைத் தேர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிச் சாதனமும் நேரமும். கணினி இல்லாத வீட்டிலும் கைப்பேசி உண்டு. கைப்பேசியில் தொடங்குவோருக்குச் சுவீடனின் மிட்ஜிவான் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'தி பேட்டில் ஆஃப் பாலிடோபியா'வை முதலில் வைப்பேன். இது ஏறத்தாழ ஒரு கைக்குட்டையில் மடித்துவைத்த சிவிலைசேஷன். ஒரு நகரம், ஒரு வீரன், பனிமூட்டத்தால் மூடிய ஒரு சிறு நிலம். தனியாக ஆடும் முறைகளுள் ஒன்று 30 முறைகளோடு முடிந்து மதிப்பெண் தந்துவிடும். இரயில் பயணத்தின் ஒரு பகுதியிலேயே ஆட்டத்தை நிறைவு செய்யலாம். தனியாட்டத்துக்கு இணைய இணைப்பு தேவையில்லை. சில இனக்குழுக்கள் இலவசம். மற்றவை வேண்டுமென்றால் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்காமலேயே மாதக்கணக்கில் ஆட முடியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மீன்பிடித்தல், வேட்டை, மலையேறுதல், சாலை அமைத்தல் போன்ற திறன்களை விண்மீன் நாணயம் கொடுத்துக் கற்கவேண்டும். உங்கள் நகரங்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு திறனின் விலையும் ஏறுகிறது. ஆகவே முதல் பத்து முறைகளில் எதை முன்னே செய்வது என்பது உண்மையான குழப்பம். நகரங்களைப் பிடித்தால் வரவு பெருகும், ஆனால் கல்வி விலையேறும். கல்வியை முதலில் வாங்கினால் மலிவு, ஆனால் பக்கத்து ஊரை எதிராளி பிடித்துவிடுவார். அந்தந்த நிலத்தைப் பார்த்துத்தான் விடை சொல்லவேண்டும்: சுற்றிலும் பழமரங்கள் இருந்தால் ஒன்று, கடல் இருந்தால் வேறொன்று. 30 முறை முடிந்ததும் மதிப்பெண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே இனக்குழுவோடு மறுநாள் இன்னொருமுறை ஆடினால் முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஆடவேண்டியிருக்கும். பாலிடோபியாவிலும் இன்டூ தி பிரீச்சிலும் படிக்கவேண்டியது குறைவு, படங்களே பேசிவிடும். வெஸ்னாத்தில் கதை உரையாடல் சற்று நீளம். சிவிலைசேஷனில் படிக்க ஒரு கலைக்களஞ்சியமே உள்ளே இருக்கிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிவோர் பெரிய ஆட்டங்களைக் கைப்பேசியின் சிறு திரையில் முயலாமல் கணினித் திரையில் ஆடுவது நல்லது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இதழில் ஒரு கட்டுரையை முடிக்க முடியாது. கடைத்தளத்தில் 'வியூகம்' என்று தேடினால் முன்வரிசையில் வந்து நிற்பவற்றுள் பல, இலவசம் என்று அழைத்துவிட்டு, உள்ளே காத்திருப்பை விற்பவை. கோட்டைச் சுவரை உயர்த்த 12 மணி நேரம் ஆகும், இரத்தினக் கற்கள் வாங்கினால் உடனே முடியும், கற்களுக்கு ரூபாய். அங்கே உங்கள் முறை எப்போது வரும் என்பதை விற்பனைப் பிரிவு தீர்மானிக்கிறது. இதை அடையாளம் காண எளிய வழி, பதிவிறக்கும் முன் செயலியின் பக்கத்தில் உள்ளே வாங்கக்கூடிய பொருள்களின் விலை வரம்பைப் பார்ப்பது. மிகுதியான விலையில் நாணய மூட்டைகளை அடுக்கியிருந்தால் அது வியூக ஆட்டமன்று, கடை. ஒருமுறை விலை கொடுத்து முழுதாக வாங்கும் ஆட்டம் முதல் பார்வையில் அதிகமாகத் தோன்றினாலும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே மலிவு.

இவற்றுக்கு முற்றிலும் வேறான இன்னொரு வகையும் உண்டு. பெயர் ஒற்றுமையால் இரண்டும் குழம்புகின்றன. பணம் கட்டி, வென்றால் பணம் கிடைக்கும் என்று ஆடுபவை பணவிளையாட்டுகள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அத்தகைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடைசெய்கிறது. வங்கிகளும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகக்கூடாது என்கிறது. இந்தக் கட்டுரையில் குறிப்பிட்ட ஆட்டங்கள் எவற்றிலும் பணயம் இல்லை. திரைப்படச் சீட்டோ புத்தகமோ வாங்குவதைப் போல விலை கொடுத்து வாங்குபவை அவை. 'விளையாட்டு என்றாலே கணக்கு முடக்கப்படுமா?' என்று கிளையில் கேட்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியே அனுப்புகிறோம்.

கணினிக்கான ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ரூபாயிலேயே விலை காட்டுவார்கள். வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொருத்தம் பார்க்க அந்த 2 மணி நேரம் போதும். பயிற்சி ஆட்டமும் முதல் களமும் முடிந்துவிடும். கோடையிலும் ஆண்டு இறுதியிலும் நடக்கும் தள்ளுபடி விற்பனைகளில் சில ஆண்டுகள் பழைய ஆட்டங்கள் மிகக் குறைந்த விலைக்கு வரும். இந்த வகையில் பழையது என்பது குறையே அன்று. பிள்ளைகள் பயன்படுத்தும் கைப்பேசியில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி கடைத்தள அமைப்பை மாற்றிவையுங்கள். அட்டையின் இணையப் பரிவர்த்தனைக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் தனித்தனி வரம்பு வைக்கவும், வேண்டாதபோது அணைத்துவைக்கவும் உங்கள் வங்கிச் செயலியிலேயே வசதி உண்டு. மாதச் சந்தா ஏதேனும் பதிவாகியிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஆடும் முறையில் சில பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். கடின நிலையில் கீழ்ப்படியைத் தேர்வது முதல் வாரத்துக்கு உகந்தது. மிக எளிதாக வென்றுவிட்டால் மறுநாளே ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆட்டத்தைச் சேமித்துவைத்து, சறுக்கினால் பின்னோக்கிச் சென்று மாற்றி ஆடுவது சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கற்கும் காலத்தில் அது சரி என்பதே என் கட்சி. ஆனால் பகடை சரியாக விழும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. பின்னோக்கிச் சென்றால் வேறு நகர்வை முயல வேண்டும்.

இவ்வளவும் கடந்து இரண்டு மாதங்கள் ஆன பிறகு சிவிலைசேஷனைத் திறக்கலாம். தொடங்குவதற்கு 6ஆம் பதிப்பே நல்லது. 2016இல் வந்தது, தள்ளுபடிக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும். 7ஆம் பதிப்பில் வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரித்து, யுகத்துக்கு யுகம் நாகரிகத்தை மாற்றிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அதன் நடு யுகத்தில் சோழர்களும் ஆடக்கூடிய நாகரிகமாக இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் புதியவருக்கு அந்த மாற்றங்கள் கூடுதல் சுமை. சோழரின் கலங்கள் கொஞ்ச காலம் துறைமுகத்தில் காத்திருக்கட்டும்.

6ஆம் பதிப்பில் காந்தியடிகளை எதிராளியாகச் சந்திக்க நேரலாம். அவரைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஒரு நகைச்சுவைக் கதை உலவுகிறது. 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் ஒரு கணிப்புப் பிழையால் அவர் அணுகுண்டு வீசும் வெறியராக மாறினார் என்பது அது. அப்படியொரு பிழையே இருக்கவில்லை என்று சிட் மையர் 2020இல் வெளியான தம் நினைவு நூலில் மறுத்துவிட்டார். ஆனால் 2010இல் வந்த 5ஆம் பதிப்பில், வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே அவருடைய அணு ஆயுத நாட்டத்தை உயர்த்திவைத்துக் கேலியை உண்மையாக்கினார்கள். சிரிப்பதா, முகம் சுளிப்பதா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தைத் தொடங்கும் முன் அமைப்புகளை மாற்றுவது மிக முக்கியம். நிலப்பரப்பின் அளவில் இருவருக்கான மிகச் சிறிய 'டூயல்' அளவைத் தேர்ந்தெடுங்கள். ஓர் எதிராளி போதும். வேகத்தில் 'ஆன்லைன்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் குழப்பினாலும் தனியாக ஆடும்போதும் அது கிடைக்கும். 500 முறைகள் 250 ஆகக் குறையும். கடின நிலைகள் எட்டு. கீழிருந்து இரண்டாவதில் தொடங்கலாம். முதல் நகரத்தை ஆற்றங்கரையில் வையுங்கள். நன்னீர் இருந்தால் மக்கள்தொகை நன்கு வளரும். இரண்டாம் நகரத்துக்கான குடியேறிகளை அனுப்பும்போது துணைக்கு ஒரு வீரனையும் அனுப்புங்கள், ஏனெனில் வழியில் கொள்ளையர் முகாம் இருக்கக்கூடும். ஆட உட்காரும் முன் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று இரவு இரண்டு மணிவரை இழுத்துச்செல்வதற்கு இந்த ஆட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேர்போனது.